வாடையும் சோளகமும்
(வரலாற்றுத் தொடர்)

1. அல்லைப்பிட்டி மண்ணில் சீனத்து ஓடு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைத் தீவில் ஏறினால் முதலில் வருவது அல்லைப்பிட்டி. தீவின் மறு அந்தத்தில் ஊர்காவற்றுறை. இரண்டுக்கும் நடுவே மண்கும்பான், வேலணை, சரவணை, புளியங்கூடல், நாரந்தனை, கரம்பன் என்று ஊர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. புளியங்கூடலில் நின்றால், கிழக்கே போகும் வீதி ஒரு கேள்வியில் போய் முடியும். மேற்கே போகும் வீதி அதன் பதிலில் முடியும். முதலில் கேள்வியைப் பார்ப்போம்.

1977ஆம் ஆண்டு ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் அல்லைப்பிட்டியில் மண்ணைக் கிண்டினார். கிண்ணங்களும் தட்டுகளும் சாடிகளும் உடைந்து துண்டு துண்டாக வெளிவந்தன. மெருகு பூசிக் கடுஞ்சூட்டில் சுட்ட ஓடுகள். நம்முடைய குயவர் சூளையில் இப்படி வேகாது. மண்ணையும் மெருகையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்துச் சூளைகளில், சோங் வம்சம் ஆண்ட காலத்தில், 11ஆம் நூற்றாண்டு முடிந்து 12ஆம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் செய்தவை என்று தெரிந்தது.

பிறகு போர் வந்தது. தீவகத்துச் சனம் இடம்பெயர்ந்தது. ஓடுகள் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் வந்து மறுபடியும் கிண்டினார்கள். மீண்டும் சீன ஓடுகள், மீண்டும் அதே காலம்.

ஒரு கிண்ணம் யாரோ ஒரு பயணியின் மூட்டையில் வந்திருக்கலாம். இவ்வளவும் அப்படி வராது. கப்பல் நிறைய ஏற்றி, விற்பதற்கென்றே கொண்டுவந்த சரக்கு இது. கொழும்பு பெயரெடுக்காத அந்த நாளில், சீனத்துச் சரக்கு நமது பனைகளின் அடியில் ஏன் இறங்கியது?

பாதிப் பதிலைக் காற்றிடம் கேட்கலாம். வாடை எப்போது பெயரும், சோளகம் எப்போது எழும்பும் என்பது தீவகத்துக் கடலோடிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சீனக் கரையிலிருந்து பாய் விரித்தவனும் அதே இரண்டு காற்றுகளுக்குத்தான் கட்டுப்பட்டவன். வாடை வீசும் மாதங்களில் தெற்கே இறங்கி மலாக்கா நீரிணைக்கு வருவான். வங்கக் கடலைக் கடந்து நம் பக்கம் வருவான். சோளகம் எழும்பினால்தான் வீட்டுக்குத் திரும்பலாம். அதுவரை தங்க ஒரு துறை வேண்டும். சேதுவின் மணல்திட்டுகள் பெரிய கப்பலுக்கு வழி விடா. இந்தப் பக்கத்துக் கரையில் சரக்கை இறக்கிச் சிறு கலங்களுக்கு மாற்றுவதுதான் வசதி. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள நீர்வழி இரண்டு பக்கமும் கரை அணைத்தது. பிற்காலத்தில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யானைகளைக் கப்பலேற்றியதும் இங்கிருந்துதான்.

மீதிப் பதில் அரசியலில் இருக்கிறது. முதலாம் இராசராசன் சீனப் பேரரசனுக்குத் தூது அனுப்பினான். அத்தூது 1015இல் போய்ச் சேர்ந்தபோது அனுப்பியவன் உயிரோடு இல்லை. 1033இல் இராசேந்திரனின் தூது போனது. 1077இல் முதலாம் குலோத்துங்கனின் ஆட்கள் 72 பேர் போய், 81,800 கோவைச் செப்புக் காசோடு திரும்பினார்கள். சீன அரச வரலாறு எண்ணி எழுதிவைத்த கணக்கு இது. அல்லைப்பிட்டி ஓடுகளின் காலமும் இந்தப் போக்குவரத்தின் காலமும் ஏறக்குறைய ஒன்று.

சரி, காற்று கொண்டுவந்தது, அரசர் வழி திறந்தனர். ஆனாலும் வணிகனுக்கு ஒரு பயம் உண்டு. பாறையில் மோதிக் கப்பல் உடைந்தால், கரை ஒதுங்கும் சரக்கு யாருக்கு?

அக்காலத்துக் கரைகள் பலவற்றில் இதற்கு ஒரே பதில்தான். ஒதுங்கியது அந்த மண்ணை ஆள்பவனுக்கு. இந்தியாவின் மேற்குக் கரையில் எலிமலைப் பக்கத்து வழக்கத்தை மார்க்கோ போலோ குறித்து வைத்திருக்கிறார். வேறு ஊருக்குப் புறப்பட்ட கப்பல் தவறி அங்கே ஒதுங்கினால், கடவுளே உன்னை எங்களிடம் அனுப்பினார் என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்களாம். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியிலும் அந்த வழக்கம் இருந்தது. முந்திய அரசர்கள் உடைந்த கப்பலின் சரக்கை முழுதாகப் பறித்தார்கள், இனி வரி மட்டுமே என்று காகதீய மன்னன் கணபதிதேவன் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்லில் வெட்டி அபயம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஊராத்துறை, அதாவது நமது ஊர்காவற்றுறை, அவனை முந்திக்கொண்டது. இப்போது மேற்கு வீதியின் பதிலுக்கு வருகிறோம். அந்தப் பதில் கடல் தாண்டி நயினாதீவில் இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள ஒரு கல்லில், பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. அவன் ஆண்டது 1153 முதல் 1186 வரை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதைப் படித்து வெளியிட்டார். கட்டளையின் சாரம் இதுதான்: பரதேசிகள் ஊராத்துறையில் வந்து சேர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு.

சிங்கள அரசன், தமிழ்க் கல்வெட்டு, அந்நிய வணிகன். தன் படைக்கு யானையும் குதிரையும் தேவைப்பட்டவன், அவற்றைக் கொண்டுவருபவனுக்குக் கூடுதல் சலுகை கொடுத்தான். கணக்குத் தெரிந்த தாராளம். அதே ஊராத்துறையில் அவன் படகு கட்டிப் படை சேர்த்தான் என்றும், அதை முறியடிக்கச் சோழர் ஆள் அனுப்பினார்கள் என்றும் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. துறைமுகம் பெருகினால் பகையும் கூடவே வரும்.

வணிகன் இங்கு வந்த கதை இது. இங்கிருந்து அங்கு போனவனுக்கு என்ன நடந்தது?

1956ஆம் ஆண்டு, சீனாவின் ஃபூசியென் மாகாணத்தில், சுவான்சௌ என்ற பழந்துறையில் ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. அதன் கடைசி வரி சீனம். மேலே இருந்த வரிகள் அந்த ஊராருக்கு விளங்கவில்லை. அவை தமிழ். அந்தக் கல்லில் ஓர் அரசன் நலமாக இருக்க வேண்டுமென்று வேண்டியிருந்தார்கள். அவன் சோழனும் அல்ல, பாண்டியனும் அல்ல, சீனனும் அல்ல.

அவன் யார்?

(அடுத்த வாரம்)

2. கானின் ஆணையில் ஒரு சிவன் கோயில்

பெயரைச் சொல்லிவிடுகிறேன்: செகசைகான். சீனத்தைப் பிடித்து ஆண்ட மங்கோலியன் குப்ளாய் கானைத்தான் அந்தக் கல் அப்படி அழைக்கிறது. செங்கிஸ்கானின் பேரன். அவன் உடம்பு நலமாயிருக்க, சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281 ஏப்ரலில், சம்பந்தப்பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்தி ஒருவர் சுவான்சௌவில் திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார். கானின் ஆணைப்படி என்றும் கல்லில் இருக்கிறது.

பாக்தாத்தை எரித்த குடும்பத்தின் வாரிசுக்குத் தமிழன் சிவபூசை செய்த விந்தை விளங்க வேண்டுமானால் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவான்சௌ ஃபூசியென் கரையில், தைவானைப் பார்த்தபடி இருக்கிறது. அராபியர் இதைச் சைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோவும் அப்படியே எழுதினார். பின்னால் மலை, முன்னால் கடல், நெல் விளைய இடம் குறைவு. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் கடலை நம்பாமல் வேறு எதை நம்புவான்? அங்கே 1053 முதல் 1059 வரை கட்டிய லோயாங் பாலத்தின் அத்திவாரக் கற்களில் சிப்பிகளை வளர விட்டார்கள். சிப்பி பெருகப் பெருகக் கல்லோடு கல் ஒட்டியது. சீமெந்து இல்லாத காலத்தில் கடல் உயிரைக் கொண்டே கடலைக் கடந்தவர்கள் அவர்கள்.

தொடக்கத்தில் அந்த வணிகருக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. வெளிநாடு போகும் கப்பல் தெற்கே தொலைவிலுள்ள குவாங்சௌவுக்குப் போய்ப் பதிந்து அனுமதி பெற வேண்டும். தாமதித்தால் காற்றுத் தவறும், காற்றுத் தவறினால் ஒரு வருடம் போகும். 1087இல் சோங் அரசு சுவான்சௌவிலேயே கடல் வணிக அலுவலகம் திறந்தது. வரும் கப்பலைச் சோதித்தார்கள், அரசின் பங்கை எடுத்தார்கள், மிச்சத்தை விற்க விட்டார்கள். அல்லைப்பிட்டிக் கிண்ணங்கள் சூளையில் வெந்துகொண்டிருந்த காலம் அது.

அந்த அதிகாரிகள் வரி வாங்குவதோடு நிற்கவில்லை. ஊருக்கு வெளியே சியூரி மலையில் ஏறிக் காற்றுக்குப் பூசை செய்தார்கள். போகும் கப்பலுக்கு ஒரு பூசை, வரும் கப்பலுக்கு ஒரு பூசை. 1174 முதல் 1266 வரை அங்கே செய்த வேண்டுதல்களைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் வாடையும் சோளகமும் பார்த்திருந்த நாட்களில், அதே காற்றுகளைப் பார்த்து அரசாங்க உடையில் அதிகாரிகள் கும்பிட்டார்கள்.

அராபியர் வந்தனர், பாரசீகர் வந்தனர், தமிழர் வந்தனர். 1009இல் கட்டிய பள்ளிவாசலின் கல்வாசல் இன்றும் நிற்கிறது. 1225இல் அங்கே கடல் வணிக அதிகாரியாக இருந்த சாவ் ருகுவா, தான் பார்த்திராத நாடுகளைப் பற்றி வணிகர் வாயால் கேட்டு ஒரு நூல் எழுதினார். அதில் சோழ நாடும் வருகிறது.

1276இல் கதை கத்தி முனைக்கு வந்தது. மங்கோலியர் சோங் தலைநகரைப் பிடித்துவிட்டார்கள். சிறுவனான புதுப் பேரரசனைத் தூக்கிக்கொண்டு மிச்சப் படை தெற்கே ஓடி, சுவான்சௌவின் வாசலில் வந்து நின்றது. ஓடுவதற்குக் கப்பல் வேண்டும். கப்பல்கள் இருந்தது பூ ஷோகெங் என்பவரின் கையில். அந்நிய வம்சத்து முஸ்லிம், பெரும் வணிகர், சோங் அரசு பதவி கொடுத்து வளர்த்தவர். அவர் கதவைத் திறக்கவில்லை. சோங் படை அவருடைய கப்பல்களைப் பறித்தது. அவர் சீறினார். நகரில் வாழ்ந்த சோங் அரச குலத்தவரைக் கொன்று, நகரை மங்கோலியரிடம் ஒப்படைத்தார்.

குப்ளாய் பரிசு கொடுத்தான். துறை மூடப்படவில்லை. கடல் தெரிந்தவர்களை அவன் பதவியில் வைத்தான். கொல்லத்துக்கும் தமிழ்நாட்டுக் கரைக்கும் தன் தூதன் யாங் திங்பியை அனுப்பினான். வணிகருக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: ஆட்சி மாறினாலும் எங்கள் உயிருக்கும் பொருளுக்கும் பங்கமில்லை என்ற உறுதி. அது கிடைத்துவிட்டது. கிடைத்ததற்குச் சாட்சியே அந்த 1281ஆம் ஆண்டுக் கல். அரசன் கோயிலுக்கு இடம் கொடுத்தான், கோயில் அரசனுக்கு ஆசி கொடுத்தது. நயினாதீவில் அரசன் வணிகனுக்குக் கல் வெட்டினான். சுவான்சௌவில் வணிகனின் ஊரார் அரசனுக்குக் கல் வெட்டினார்கள். ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள்.

கோயில் சின்னக் கொட்டகையும் அல்ல. அதைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் சிற்பங்கள் சுவான்சௌ முழுதும் கிடைத்திருக்கின்றன. இலிங்கத்துக்கு யானை பூச்சூட்டுகிறது. பசு பால் சொரிகிறது. நரசிங்கம் இரணியனைக் கிழிக்கிறது. உரலில் கட்டுண்ட கண்ணன் இரண்டு மரங்களுக்கு நடுவே போகிறான். திருவானைக்காவில் சொன்ன கதையைச் சீனத்துக் கல்லில் சீனத்துச் சிற்பி செதுக்க, பக்கத்தில் தமிழன் நின்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

1292இல் இதே துறையிலிருந்துதான் மார்க்கோ போலோ 14 கப்பல்களோடு, பாரசீக அரசனுக்கு மணப்பெண்ணாகப் போகும் இளவரசியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் சைத்தூனுக்கு நூறு கப்பல் வரும் என்று எழுதினார். பயணி இபின் பதூதா இன்னும் நெருக்கமான சாட்சி. 1344இல் அவர் புத்தளத்தில் சந்தித்தது ஆரியச் சக்கரவர்த்தியை, நமது யாழ்ப்பாணத்து அரசனை. முத்துக் குவியல் வைத்திருந்த, பாரசீகம் விளங்கிய, கடலில் பலம் கொண்ட அரசன். அங்கிருந்து புறப்பட்டுப் பல கடல் கடந்து அவர் போய் இறங்கியது சைத்தூனில். யாழ்ப்பாணத்து அரசனையும் சுவான்சௌத் துறையையும் தன் கண்ணாலேயே பார்த்து எழுதி வைத்தவர் அவர்.

இன்றைக்கு சுவான்சௌவுக்குப் போனால் அந்தச் சிவன் கோயிலைக் காண முடியாது. ஆனால் 686இல் தோன்றிய கையுவான் பௌத்த விகாரையின் பெருமண்டபத்துக்குப் பின்புறம் போய்ப் பாருங்கள். பதினாறு பட்டை கொண்ட இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றில் கண்ணனும் நரசிங்கமும் இருப்பார்கள். மண்டபத்தின் அடித்தளத்தில் சிங்க உருவங்கள் வரிசையாக 73 பலகைகளில் இருக்கும்.

புத்தர் வீட்டுக்குக் கண்ணன் எப்படி வந்தான்? நாயனாரின் கோயிலை யார் பிரித்தது?

(அடுத்த வாரம்)

3. பத்து ஆண்டுத் தீ

1357இல் சுவான்சௌவில் காவலுக்கு இருந்த பாரசீகப் படையினர் கிளர்ந்தார்கள். மங்கோலியரின் யுவான் வம்ச ஆட்சி தளர்ந்துகொண்டிருந்த நேரம். கடல் காசு குவிந்த நகரைத் தாங்களே ஆள நினைத்தார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே பிளவு வந்தது. பூ ஷோகெங்கின் குடும்பத்தாரும் அதில் மாட்டினார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நகரமும் சுற்றுப்புறமும் போரில் வெந்தன. 1366 அளவில் சென் யூதிங் என்ற தளபதியின் படை நகருக்குள் நுழைந்தது. அந்நியர் வேட்டையாடப்பட்டார்கள். யார் கிளர்ந்தவன், யார் கடை வைத்திருந்தவன் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வந்தவர்களின் வழிபாட்டு இடங்கள் இடிந்தன.

நாயனாரின் கோயில் எந்த நாளில் விழுந்தது என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை. ஆனால் மிங் வம்சக் காலத்தில் விகாரையைத் திருத்தியவர்கள் நல்ல கல்லை வீணாக்கவில்லை. செதுக்கிய தூண் சும்மா கிடந்தது, எடுத்து நட்டார்கள். கண்ணன் புத்தர் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். சேடியன் என்ற கிராமத்தில் இந்து அம்மன் சிலை ஒன்றை ஊரார் கருணைத் தெய்வம் குவான்யின் என்று நம்பித் தூபம் காட்டி வருகிறார்கள். தெய்வத்துக்குப் பெயர்தான் மாறியது, பூசை நிற்கவில்லை.

துறைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. மிங் வம்சத்தின் முதல் பேரரசன் 1371இல் தன் மக்களின் தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்தான். ஆறு கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தை நிரப்பியது. அடுத்த நூற்றாண்டில் கடல் வணிக அலுவலகமே ஃபூசௌவுக்கு மாறியது. நானூறு ஆண்டுகளாக நகரத்தார் கட்டிய நம்பிக்கை பத்து ஆண்டில் எரிந்தது. மண்ணை வாரிக் கால்வாயை ஆழமாக்கலாம். கொலை நடந்த துறைக்கு மகனை அனுப்பும் தகப்பனை எங்கே தேடுவது?

1974இல் சுவான்சௌவின் ஹோசூத் துறைச் சேற்றிலிருந்து ஒரு கப்பலை வெளியே எடுத்தார்கள். மிஞ்சிய அடிப்பாகமே ஏறக்குறைய 24 மீற்றர் நீளம். உள்ளே 13 அறைகள், ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்கும்படி தடுப்பு வைத்தவை. சரக்கில் வாசனைக் கட்டைகளும் மிளகும் இருந்தன. 1270களில், பூ ஷோகெங் கதவைச் சாத்திய காலத்தில் மூழ்கியது. வீடு திரும்பிய கப்பல், வாசலில் வந்து தாழ்ந்திருக்கிறது.

இன்றைய சுவான்சௌ தாழவில்லை. 2020 கணக்கெடுப்பில் 87 இலட்சத்துக்கு மேற்பட்ட சனம். அந்த ஆண்டே அதன் மொத்த உற்பத்தி ஒரு இலட்சம் கோடி யுவானைத் தாண்டியது. நகரத்தின் கீழுள்ள சின்சியாங்கில் உலகம் அணியும் விளையாட்டுச் சப்பாத்துகள் தைக்கிறார்கள். அன்டா என்ற பெரு நிறுவனம் அங்கே பிறந்ததுதான். தெஹுவாவில் வெள்ளைப் பீங்கான், அன்சியில் தேயிலை, ஹுயிஆனில் கற்சிற்பம். பெரும்பாலும் சிறு குடும்பத் தொழிலாகத் தொடங்கி, கடல் கடந்துபோன உறவினரின் காசிலும் தொடர்பிலும் வளர்ந்தவை. தென்கிழக்காசியா முழுதும் ஃபூசியென்காரர் பரந்திருக்கிறார்கள். தைவான் மக்களிலும் பெரும் பகுதியினரின் பூர்வீகம் இந்தக் கரை. கனடாக் காசில் கோபுரம் எழும்பும் தீவகத்துக்கு இந்தக் கதை புதிதல்ல.

2021 ஜூலையில் யுனெஸ்கோ சுவான்சௌவின் 22 இடங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கையுவான் விகாரை, பள்ளிவாசல், லோயாங் பாலம், காற்றுக்குக் கும்பிட்ட மலை எல்லாம் அதில் உண்டு. பழம்பெருமைக்காக மட்டும் சீனா இதில் முனையவில்லை. 17 ஆண்டுகள் ஃபூசியெனில் பதவிகளில் இருந்த ஷி ஜின்பிங், 2013இல் 21ஆம் நூற்றாண்டின் கடல்வழிப் பட்டுப்பாதையை அறிவித்தார். 2015இல் ஃபூசியென் அதன் மையப் பகுதியானது. அந்நியரோடு வாணிபம் செய்து அமைதியாக வாழ்ந்தோம் என்று உலகத்துக்குக் காட்டச் சுவான்சௌவை விட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? அந்தச் சாட்சிக் கூண்டில் சம்பந்தப்பெருமாளின் கல்லும் நிற்கிறது. 1357க்குப் பிந்திய பத்து ஆண்டுகளைப் பற்றி மட்டும் அந்த மேடைகளில் குரல் தாழும்.

புதிய பட்டுப்பாதை நம் வாசலுக்கும் வந்தது. அம்பாந்தோட்டையைச் சொல்லவில்லை, நயினாதீவைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை அனுமதித்தது. காசு ஆசிய அபிவிருத்தி வங்கியின் திட்டத்திலிருந்து. நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் கடல்தான். இந்தியா எதிர்த்தது. டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டி, திட்டம் நிறுத்தப்படுவதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. அதே டிசம்பரில் சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூரில் கும்பிட்டுவிட்டுப் போனார். 2022 மார்ச்சில் அதே மூன்று தீவுகளுக்கும் இந்தியா நன்கொடையில் திட்டம் தருவதாக உடன்படிக்கை வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் ஆனது.

மூன்று ஆண்டுகள். மூன்று தீவுகளின் விளக்கு எந்தத் தலைநகரத்தின் காசில் எரிய வேண்டும் என்று கொழும்பிலும் டில்லியிலும் பீஜிங்கிலும் பேசினார்கள். தீவாரிடம் கேட்டவர் குறைவு.

பராக்கிரமபாகுவின் கல்லும் அதே நயினாதீவில்தான் நிற்கிறது. அவன் நமக்கு இனியவனா என்பது வேறு வழக்கு. ஆனால் அந்தக் கல்லில் ஒரு நிமிர்வு இருக்கிறது. எந்தக் கப்பலும் வரலாம், எந்தத் தேசத்தானும் வரலாம், பங்கு எவ்வளவு என்பதை இந்தக் கரையை ஆள்பவன் சொல்வான். வருபவனுக்கு அபயம், வரும் சரக்குக்கு விதி. சுவான்சௌ செழித்ததும் அப்படி ஒரு விதியில்தான். அந்த விதி செத்தபோது சுவான்சௌவும் செத்தது. விருந்தாளிகள் தங்களுக்குள் சண்டை பிடித்து வீட்டுக்காரனுக்கு விதி எழுதுவதை அந்தக் கல் அறியாது.

விருந்தாளியே கல்லும் கொண்டுவந்தால் என்ன நடக்கும்?

அதுவும் நடந்திருக்கிறது. 1911இல் காலியில், ஒரு மதகை மூடிக் கவிழ்ந்து கிடந்த கல்லை ஒரு பொறியியலாளர் கண்டார். இன்று அது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409 என்று நாள் குறித்து, மிங் பேரரசனின் பெயரால், கடற்தளபதி செங் ஹே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து நட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனம் படிப்பவனுக்கு, புத்தருக்குக் காணிக்கை. பாரசீகம் படிப்பவனுக்கு, இஸ்லாத்துக்குப் புகழ். தமிழ் படிப்பவனுக்கு, தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கு ஆயிரம் கழஞ்சு பொன்னும் ஐயாயிரம் கழஞ்சு வெள்ளியும் பட்டும். ஒவ்வொருவனும் தன் தெய்வத்துக்கே மரியாதை என்று நினைத்துக்கொண்டு போகலாம். இதைவிடப் பணிவான கல் இந்தத் தீவில் இல்லை.

1411இல் அதே செங் ஹேயின் படை இலங்கை ஆட்சியாளன் அழகேசுவரனை அவன் கோட்டைக்குள்ளேயே பிடித்து, குடும்பத்தோடு கப்பலேற்றிச் சீனத் தலைநகர் நான்சிங்குக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

காணிக்கை கொண்டுவந்த கப்பல் அரசனை ஏற்றிக்கொண்டு போனது ஏன்? கல் முந்தியதா, கத்தி முந்தியதா?

(அடுத்த வாரம்: மூன்று மொழியில் ஒரு பொறி)